கலங்கல் நீரோட்டமும் அதன் தரைத்தடமும்: ஐந்து மீட்டர் தொட்டியில் செய்து பார்த்தவை

சேறும் மணலும் கலந்த நீர், சுற்றியுள்ள தெளிந்த கடல்நீரைவிடக் கனமாக இருப்பதால், சரிவைப் பற்றிக்கொண்டு கடலடியில் கீழ்நோக்கிப் பாய்கிறது. இதைக் கலங்கல் நீரோட்டம் என்கிறோம். கண்ணாடித் தொட்டியில் இப்படி ஓர் ஓட்டத்தை உண்டாக்குவது எளிது. தடுப்புப் பலகையைத் தூக்கிய கணத்தில் கருமேகம் ஒன்று தரையோடு புரண்டு ஓடும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கைப்பேசியை எடுப்பார்கள். ஆனால் கடலடியில் கேபிள் பதிப்பவருக்கும் பாறை அடுக்குகளைப் படிக்கும் நிலவியலாளருக்கும் வேண்டியது, அந்த மேகம் கடந்துபோன பிறகு தரையில் எஞ்சியிருப்பது: எவ்வளவு படிந்தது, எங்கே அரித்தது, எந்தத் துகள் எதுவரை போயிற்று என்பது. எங்கள் கல்லூரியின் நீரியல் ஆய்வகத்தில் மாணவர்களும் பட்டறை உதவியாளரும் நானும் சேர்ந்து கட்டிய ஐந்து மீட்டர் தொட்டியில், இந்தத் தரைத்தடத்தை ஒழுங்காகப் பெறுவதற்காகச் செய்தவற்றை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

கடலடியில் இந்த ஓட்டங்களின் வலிமை தெரியவந்தது அவை விட்டுச்சென்ற சேதத்தின் மூலமாகத்தான். 1929 நவம்பர் 18 அன்று நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, மையத்துக்கு அருகில் கிடந்த தந்திக் கேபிள்கள் உடனே அறுந்தன. ஆழத்தில் கிடந்தவையோ மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன, கடைசிக் கேபிள் 13 மணி 17 நிமிடம் கழித்து. ஒவ்வொன்றும் அறுந்த நேரம் தந்தி நிலையப் பதிவுகளில் இருந்ததால், 1952-இல் கடலடி ஆய்வாளர்களான ஹீசனும் யூயிங்கும் அந்த நேரங்களைத் தூரத்தோடு சேர்த்துப் படித்து, சரிவில் இறங்கிய ஒரே கலங்கல் நீரோட்டம்தான் ஆழத்தில் கிடந்தவற்றை வரிசையாக அறுத்தது என்று காட்டினார்கள். அதற்கும் முன்பே, 1937-இல், நிலவியலாளர் ஃபிலிப் கூனன் நெதர்லாந்தில் சிறிய தொட்டியில் களிமண் கலந்த நீரை ஓடவிட்டுப் பார்த்திருந்தார். அண்மையில், 2020 ஜனவரியில், காங்கோ ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பாலுள்ள கடலடிப் பள்ளத்தாக்கில் 1100 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய ஓர் ஓட்டம், போகப்போகத் தரையை அரித்துச் சேர்த்துக்கொண்டு, வினாடிக்கு 5 மீட்டரிலிருந்து 8 மீட்டர் வரை வேகம் கூடி, சாட்-3, டபிள்யூ.ஏ.சி.எஸ். ஆகிய இரண்டு கேபிள்களையும் அறுத்தது.

நம் கரைக்கும் இதில் பங்குண்டு. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவரும் வண்டல் இதே வகை ஓட்டங்களால் பரவி உருவான வங்காள விசிறிப் படிவு ஏறத்தாழ 3000 கிலோமீட்டர் நீளமுள்ளது. உலகிலேயே மிகப் பெரியது. 2015-இல் திருகோணமலைக்குச் சற்றுத் தெற்கே செல்லும் 8 பாகை வட அட்சக்கோட்டை ஒட்டி வங்கக் கடலில் துளையிட்டபோது, அங்கும் இமயமலையின் மணலும் வண்டலும் அடுக்கடுக்காகக் கிடைத்தன. அந்த அடுக்கு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து, இதை விட்டுச்சென்ற ஓட்டம் எவ்வளவு கனமானது, எவ்வளவு விரைந்தது என்று கேட்கும் கேள்விக்குத்தான் இந்தத் தொட்டி.

தொட்டியின் அமைப்பு

நீளம் 5 மீட்டர், அகலம் 25 செ.மீ., உயரம் 90 செ.மீ. இருபுறமும் 12 மி.மீ. தடிமனுள்ள டஃபன்டு கண்ணாடி. வெளியே 60 செ.மீ.க்கு ஒரு இரும்புச் சட்டம். நிரப்பினால் நீர் மட்டுமே ஒரு டன் எடை வருவதால், தரையைப் பார்த்துவிட்டுத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொட்டியைச் சாய்ப்பதற்குப் பதிலாக உள்ளே பி.வி.சி. பலகையில் ஒரு பொய்த்தரை அமைத்தோம். மேல்முனையில் 40 செ.மீ. நீளத்துக்குக் கலவை அறை, அதன்பின் 2.6 மீட்டர் சரிவு, அதன்பின் 1.2 மீட்டர் சமதளம், கடைசி 80 செ.மீ. நீளத்துக்குப் பொய்த்தரையே இல்லாத ஒரு குழி. சரிவைப் படுக்கையாகவும் வைக்கலாம். 9 பாகை வரை உயர்த்தவும் செய்யலாம்.

கடைசியிலுள்ள குழியைப் பலரும் இடவிரயம் என்று நினைப்பார்கள். அது இல்லாவிட்டால் ஓட்டம் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி, தான் இட்ட படிவின்மேலேயே இன்னொரு மெல்லிய படிவை இடும். நாலாபுறமும் மேடுகளால் சூழப்பட்ட கடலடிப் படுகைகளில் இப்படி நடப்பதுண்டு. திறந்த கடல் சரிவை மாதிரியாக எடுத்துக்கொண்டவர்களுக்கோ அது கலப்படம். குழிக்குள் விழுந்த கனநீர் அங்கேயே தங்கிவிடுவதால் திரும்பும் அலை மிகவும் தணிந்துவிடுகிறது. பொய்த்தரையின் இரு ஓரங்களிலும் ஃபோம் ரப்பர் பட்டை ஒட்டி, கண்ணாடியோடு இடைவெளியில்லாமல் இறுக்க வேண்டும். கனநீர் ஒரு மி.மீ. சந்து கிடைத்தாலும் பலகைக்கு அடியில் புகுந்துவிடும், மேலே ஓடும் ஓட்டம் நம் கணக்கைவிட மெலிந்துபோகும்.

தடுப்புக் கதவு 6 மி.மீ. அலுமினியத் தகடு. அது ஏறி இறங்கும் பள்ளத்தில் ரப்பர் பட்டை வைத்து, ஒவ்வொரு முறையும் வேசலின் தடவினால் கசிவு நிற்கிறது. கையால் இழுத்தால் ஒருமுறை வேகமாகவும் ஒருமுறை மெதுவாகவும் வருவதால், கப்பியும் எதிர் எடையும் வைத்து ஒரே வேகத்தில் அரை வினாடிக்குள் எழும்படி செய்தோம். பின்பக்கக் கண்ணாடியில் டிரேசிங் பேப்பர் ஒட்டி அதற்குப் பின்னால் எல்.இ.டி. பட்டைகள், 10 செ.மீ.க்கு ஒரு கோடு, எதிர்ப்புறம் எட்ட நிறுத்திய கேமரா. மேகத்தைப் பதிவுசெய்ய இவ்வளவு போதும்.

மேகம்

முதல் தொகுதிச் சோதனைகளில் பொய்த்தரையைப் படுக்கையாக வைத்து, அதற்குமேல் நீர் ஆழத்தை 30 செ.மீ. ஆக்கி, கதவைத் திறந்துவிடும் எளிய முறையைக் கையாண்டோம். துகளுக்குக் கருநிற சிலிக்கான் கார்பைடு பொடியைத் தேர்ந்தெடுத்தோம். கல் மெருகிடும் பட்டறைகளுக்கு விற்கும் அதே கார்போரண்டம்தான். எஃப் 240 என்ற தரத்தில் நடுத்துகள் அளவு 45 மைக்ரான்; அளவு ஒழுங்காகச் சலிக்கப்பட்டு வருவதால் கணக்குக்கு ஒத்துழைக்கும். குவார்ட்ஸ் மாவு மலிவானது, ஆனால் அதன் தூசி நுரையீரலுக்கு மிகக் கேடு, சிலிகோசிஸ் நோயைக் கொண்டுவரக் கூடியது. அதை எடுக்க வேண்டிய இடங்களில் முகக்கவசத்தோடு, முதலில் நீர் தெளித்து ஈரமாக்கிய பிறகே வாளியில் கொட்டினோம். கார்பைடு தூசியையும் அலட்சியமாக நினைக்கக் கூடாது. அதற்கும் இதே முறைதான்.

ஒப்பீட்டுக்காக உப்புநீர் ஓட்டம் ஒன்றும் வேண்டும்; அதில் படிய எதுவும் இல்லாததால், துகள் படிவதன் விளைவு என்ன என்பது பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். கன அளவில் ஒன்றரை சதவீதம் கார்பைடு கலந்தால் கலவை நீரைவிடக் கனமீட்டருக்கு 33 கிலோ கூடுதலாக இருக்கும். அதற்கு லிட்டருக்கு 48 கிராம் பொடி வேண்டும். அதே அடர்த்தியை உப்பால் கொண்டுவர வேண்டிய கல்லுப்பும் லிட்டருக்குச் சுமார் 48 கிராம்தான். வேலைக்கு வசதியான பொருத்தம் இது. உப்பை ஹைட்ரோமீட்டர் வைத்துச் சரிபார்த்துக்கொள்வது நல்லது, ஏனெனில் ஈரமான கல்லுப்பின் எடையில் ஒரு பங்கு நீராக இருக்கும்.

இந்த அடர்த்தி வேறுபாட்டுக்கும் 30 செ.மீ. ஆழத்துக்கும் ஓட்டத்தின் முனை வினாடிக்கு ஏறத்தாழ 15 செ.மீ. வேகத்தில் போக வேண்டும் என்று கணக்கு சொல்கிறது; உப்புநீரின் முனை அதை ஒட்டியே, தொட்டியின் நீளம் முழுவதும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சென்றது. கார்பைடு ஓட்டம் அதே வேகத்தில் தொடங்கி, இரண்டாம் பாதியில் தளர்ந்தது. துகள்கள் வினாடிக்கு 2.8 மி.மீ. வேகத்தில் அடியில் இறங்கிக்கொண்டே இருப்பதால், ஓட்டத்தை ஓடச்செய்யும் கனமே குறைந்துகொண்டு போகிறது. இந்த இறங்கு வேகத்தைக் கலக்கும்போதும் மறக்கக் கூடாது. ட்ரில்லில் பெயின்ட் கலக்கும் துடுப்பைப் பொருத்திக் கலக்கி, நிறுத்திய மூன்று வினாடிக்குள் கதவைத் தூக்கிவிட வேண்டும். பத்து வினாடி தாமதித்தால் மேல் 3 செ.மீ. நீர் தெளிந்துபோய், நாம் எழுதிவைத்த அடர்த்தி பொய்யாகிவிடும்.

முனையை அருகிலிருந்து பார்த்தால் அது தரையை உரசாமல், சற்றே மேலெழும்பிய மூக்கோடு போவது தெரிகிறது. மூக்கின் உயரம் தலையின் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு அளவு. அதற்கு அடியில் தெளிநீர் மாட்டிக்கொள்வதால், முனை மடல் மடலாகப் பிளந்து, ஒரு மடல் முந்த இன்னொன்று பிந்த, மாறிமாறி நகர்கிறது. முதுகில் சுருள்கள் எழுந்து பின்னோக்கி உருண்டு தெளிநீரை உள்ளே இழுக்கின்றன. அழகான காட்சிதான். ஓட்டத்தின் உந்தத்தைப் பாகுத்தன்மையோடு ஒப்பிடும் ரெய்னால்ட்ஸ் எண் இருபதாயிரத்தை ஒட்டி இருப்பதால் கொந்தளிப்பு உண்மையானது என்பதற்கும் அதுவே கண்சாட்சி.

உயரத்துக்கு ஏற்ப அடர்த்தி எப்படி மாறுகிறது என்பதை அறிய, குளுக்கோஸ் ஏற்றும் டிரிப் செட் குழாய்களை ஆறு உயரங்களில் ஒரு மெல்லிய கம்பியில் வரிசையாகக் கட்டி, சைஃபன் முறையில் மாதிரி எடுத்தோம். குழாய்க்குள் நீர் போகும் வேகமும் வெளியே ஓட்டத்தின் வேகமும் ஒன்றாக இருந்தால்தான் சரியான விகிதத்தில் துகள் உள்ளே வரும். டிரிப் செட்டில் இருக்கும் உருளைக் கிளிப் இந்தச் சீரமைப்புக்கென்றே செய்ததுபோல் உதவியது. குழாய்க்கு வினாடிக்கு ஒரு மில்லிலிட்டர் என்ற அளவில் நிறுத்தினால் போதும்.

படிவை அளப்பதுதான் பொறுமையைக் கேட்டது. கலவை அறையில் உள்ள அத்தனை பொடியும் தொட்டி நெடுகப் பரவினாலும் சராசரித் தடிமன் ஒரு மி.மீ.தான் வரும். அதை ஸ்கேலால் அளந்து எந்தப் பயனும் இல்லை. ஆகவே பொய்த்தரையில் 25 செ.மீ.க்கு ஒன்றாக மைக்ரோஸ்கோப் கண்ணாடி ஸ்லைடுகளைப் பதித்து, ஓட்டம் முடிந்து நீர் தெளிந்தபின் மெல்லிய குழாயால் மிக மெதுவாக நீரை இறக்கி, ஸ்லைடைப் படிவோடு தூக்கி, ஓவனில் உலர்த்தி எடைபோட்டோம். ஒரு ஸ்லைடில் மூன்று கிராம் அளவுக்குப் பொடி இருப்பதால் நகைக்கடைத் தராசே போதுமானது. கருங்கார்பைடோடு 20 மைக்ரான் வெண்ணிறக் குவார்ட்ஸ் மாவைச் சரிபாதி கலந்து ஓடவிட்டபோது, அறுவைக் கத்தியால் வெட்டிய படிவின் பக்கவாட்டில் கீழே கறுப்பு, நடுவில் சாம்பல், மேலே வெள்ளை என்று நிறம் படிப்படியாக மாறியது. 1950-இல் கூனனும் மிலியோரினியும் மலைத்தொடர்களின் பாறை அடுக்குகளில் கண்ட அதே ஒழுங்கு இது: அடியில் பருமன், மேலே நுண்மை. கதவுக்கு அருகில் கறுப்பு தடித்தும், தொலைவில் வெள்ளை மட்டுமே எஞ்சியும் இருந்ததால், ஒரே ஓட்டத்தின் படிவு இடத்துக்கு இடம் வேறாகத் தோன்றும் என்பதை மாணவர்கள் கையால் தொட்டு அறிந்தார்கள்.

வெப்பநிலை பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் குளிர்நாட்டு ஆய்வகங்களின் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்பவர்கள் நம் ஊரில் தடுமாறுவார்கள். 28 பாகை நீரின் பாகுத்தன்மை 15 பாகை நீரினதைவிடக் குறைவு என்பதால், அதே துகள் இங்கே மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விரைவாகப் படிந்துவிடுகிறது. அதைவிட முக்கியமானது, இரண்டு நீரும் ஒரே வெப்பநிலையில் இருப்பது. தொட்டியை மொட்டைமாடி டேங்க் நீரால் நிரப்பி, கலவையைச் சம்ப் நீரில் தயாரித்தால், மதிய வேளையில் 35 பாகைக்கும் 28 பாகைக்கும் உள்ள வேறுபாடே கனமீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல் அடர்த்தி வேறுபாட்டைக் கொடுத்துவிடும். 33 கிலோ கணக்கில் அது சிறிது. 5 கிலோ வேறுபாட்டில் மெல்லிய ஓட்டம் செய்பவர்களுக்கு அது விடையையே மாற்றிவிடும். இரண்டையும் ஒரே மூலத்திலிருந்து எடுத்து, இரவு முழுவதும் ஆய்வகத்திலேயே நிற்கவைப்பதுதான் வழி.

தரையை நகர்த்துதல்

இதுவரை செய்ததெல்லாம் படிவு மட்டுமே. தரையில் முன்கூட்டியே 60 மைக்ரான் குவார்ட்ஸ் மாவைப் பரப்பிவைத்து அதன்மேல் இதே ஓட்டத்தை விட்டால் ஒரு துகள்கூட நகராது. காரணத்தைக் கணக்கிலேயே காணலாம். தரைமீது ஓட்டம் செலுத்தும் இழுவிசையை, துகளின் நீருள் எடையோடு ஒப்பிடும் எண்ணை ஷீல்ட்ஸ் எண் என்கிறோம். எங்கள் ஓட்டத்துக்கு அது 0.07, அந்த மாவு நகரத் தொடங்க 0.1-க்கு மேல் வேண்டும். கடலில் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடும் ஓட்டத்துக்கும் நுண்மணலுக்கும் இதே எண்ணைக் கணக்கிட்டால் அது பத்தைத் தாண்டுகிறது. ஆகவே சிறுதொட்டியில் முனையின் வடிவமும் சுருள்களும் கடலை ஒத்திருந்தாலும், தரையைப் பொறுத்தவரை நாம் வேறொரு பொருளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தரையை அரித்து அரித்துக் கனம் சேர்த்து, கனம் சேர்ந்ததால் வேகம் கூடி, வேகம் கூடியதால் இன்னும் அரிக்கும் இயல்பை 1986-இல் பார்க்கரும் ஃபுகுஷிமாவும் பான்டினும் சமன்பாடுகளாக எழுதினார்கள். காங்கோவில் கண்ட வேகக்கூடுதலை அந்த வெளிச்சத்தில்தான் படிக்கிறோம். படிய மட்டுமே தெரிந்த ஓட்டத்தில் அதைத் தேடிப் பயனில்லை.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. 2016-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் செய்ததுபோல், 11 பாகைச் சரிவு, கன அளவில் 17 சதவீத மணல், பெரிய பம்ப் என்று எல்லாவற்றையும் உயர்த்தி, வேறு ஒப்புமைகளைத் தளர்த்திவிட்டு ஷீல்ட்ஸ் எண்ணைக் கடலுக்கு அருகில் கொண்டுவரலாம். அங்கே ஓட்டம் தானாகவே தன் கால்வாயையும் கரைகளையும் அமைத்துக்கொண்டது. அவ்வளவு மணலைச் சுழற்ற எங்களிடம் வசதி இல்லை. இரண்டாம் வழி, ஓட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு தரையை இலேசாக்குவது. பழைய பெயின்டை நீக்கும் பிளாஸ்டிங் பட்டறைகளில் பயன்படும் யூரியா பிளாஸ்டிக் துகள் நீரைவிட ஒன்றரை மடங்கு மட்டுமே கனமானது. அதைச் சலித்து 150 மைக்ரான் அளவில் எடுத்து, 7 பாகைச் சரிவில் 4 செ.மீ. தடிமனுக்குப் பரப்பினோம். மேலே 500 லிட்டர் டேங்கில் உப்புநீர்; நிலையான மட்டம் காக்கும் வழிவுக் குழாயோடு வினாடிக்கு ஒன்றரை லிட்டர் வீதம் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடும். ஷீல்ட்ஸ் எண் இப்போது 0.16, இந்தத் துகளின் தொடக்க எல்லையைப் போல இரண்டு மடங்கு. கடலின் பத்துக்கு இது நெருங்கவில்லை என்பதை அறிந்தே செய்தோம். ஆனால் தரை நகர்கிறது, துகளில் ஒரு பகுதி மேலெழுந்து மிதக்கவும் செய்கிறது, அதனால் தரையும் ஓட்டமும் ஒன்றையொன்று மாற்றுவதைக் காண முடிகிறது.

காண முடிந்ததில் என்னை மிகவும் ஈர்த்தது படிகள். ஓட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் தரை மெல்ல அலைபட்டது. பிறகு அந்த அலைகள் படிகளாகக் கூர்மையடைந்தன. ஒவ்வொரு படியின் இறங்குமுகத்திலும் ஓட்டம் மெலிந்து விரைந்து தரையை அரித்தது. அடிவாரத்தில் திடீரெனத் தடித்து மெதுவாகி, அரித்ததை அடுத்த படியின் ஏறுமுகத்தில் இட்டது. இறங்குமுகம் அரிபட்டு, ஏறுமுகம் வளர்வதால், படி முழுவதும் ஓட்டத்துக்கு எதிராகச் சரிவில் மேல்நோக்கி ஊர்ந்தது. துகள் ஒவ்வொன்றும் கீழே போகிறது, வடிவம் மேலே போகிறது. கனடாவில் ஸ்குவாமிஷ் ஆற்று முகத்துவாரத்தில் 2011-இல் நாள்தோறும் கடலடியை அளந்தபோது பிறைவடிவ மேடுகள் இப்படியே மேல்நோக்கி நகர்ந்ததைப் பதிவுசெய்திருக்கிறார்கள். கலிபோர்னியாவின் மான்டெரே பள்ளத்தாக்கில் 2015 முதல் 2017 வரை நடந்த கூட்டு ஆய்விலும் தரையே கனமான அடுக்காகப் பெயர்ந்து நகர்ந்து, 800 கிலோ எடையுள்ள கருவிச் சட்டத்தையும் இழுத்துச் சென்றது. கண்ணாடி ஓரத்தில் ஒரு படியின் உச்சியை மார்க்கர் பேனாவால் நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவைத்தால், புள்ளிகள் மேல்நோக்கி வரிசையாக ஏறுவதைப் பார்க்கலாம். இந்த அளவீட்டுக்கு வேறு கருவியே தேவையில்லை.

பாரிஸ் சாந்தில் எடுத்த அச்சு

1960-களின் தொடக்கத்தில் நிலவியலாளர்களான ஜுவின்ஸ்கியும் வால்டனும் பாரிஸ் சாந்தை (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) கலந்த ஓட்டத்தை மென்களிமண் தரைமேல் விட்டு, அது இறுகிய பின் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள். இதை விட எளிய, இதை விட நிறைவான சோதனையை நான் அறியேன். சரிவை 9 பாகைக்கு உயர்த்தி, சீனக் களிமண் குழம்பை ஊற்றி ஓர் இரவு படியவிட்டோம். கலவைக்கு 20 லிட்டரில் 8 கிலோ சாந்து. நம் வெயிலில் சாந்து வாளியிலேயே இறுகத் தொடங்கிவிடும்; கிலோவுக்கு ஒரு கிராம் எலுமிச்சை உப்பு சேர்த்தால் தேவையான நேரம் கிடைக்கிறது. கன அளவில் 15 சதவீதம் திடப்பொருள் உள்ள இந்த ஓட்டத்தில், தெளிநீரைவிடக் கூடுதலாக உள்ள கனம் உப்புநீர் ஓட்டத்தினதைவிடப் பல மடங்கு. வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தை எட்டிப் போனது. ஓட்டத்தில் உடைந்த கிளிஞ்சல் துண்டுகள் சிலவற்றையும் போட்டுவிட்டோம்.

படிந்த சாந்து ஒரு செ.மீ. தடிமனுக்குள்தான் இருக்கும், நீர் மிகுந்து படிந்ததால் வலுவும் குறைவு. அப்படியே தூக்கினால் உடையும். நீரை மெதுவாக இறக்கிய பிறகு, பொய்க்கூரை போடுபவர்கள் செய்வதுபோல் தேங்காய் நார் கலந்த கெட்டிச் சாந்தை அதன்மேல் ஊற்றி முதுகாக்கி, மறுநாள் எடுத்தோம். அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த களிமண்ணை மென்மையான பிரஷ்ஷால் நீர் விட்டுக் கழுவினால், தரையில் விழுந்த ஒவ்வொரு அரிப்பும் இங்கே புடைப்பாக வெளிவருகிறது. கவிழ்த்து வைத்த கரண்டிகளைப் போன்ற புடைப்புகள் சரிவின் மேற்பகுதியில் கூட்டமாக இருந்தன: ஓட்டம் வந்த திசையில் உருண்டு தடித்த முனை, போன திசையில் விரிந்து மறையும் வால். கிளிஞ்சல் இழுபட்ட இடத்தில் நேர்கோடாக ஒரு வரப்பு. அது குதித்துக் குத்திய இடங்களில் சிறுசிறு முனைகள். சரிவின் கீழ்ப்பகுதியில் இவை குறைந்து, சமதளத்தில் அடிப்பக்கம் ஏறக்குறைய வழவழப்பாக இருந்தது. மலைகளில் மணற்கல் அடுக்கின் அடிப்பக்கத்தைப் பார்த்துப் பண்டைய ஓட்டத்தின் திசையைச் சொல்லும் நிலவியலாளர் எதைப் படிக்கிறார் என்பது, கையளவு சாந்துப் பாளத்தைத் திருப்பிய அந்தக் கணத்தில் மாணவர்களுக்கு விளங்கியது. வரைபடம் போட்டு விளக்கியபோது அவ்வளவு விளங்கவில்லை.

கேபிள்

பிளாஸ்டிக் தரையின் குறுக்கே 4 மி.மீ. மின்கம்பி ஒன்றைக் கிடத்தி, உப்புநீர் ஓட்டத்தை மீண்டும் விட்டோம். கம்பிக்கு அடியிலுள்ள துகள்கள் முதலில் அரிபட்டன, கம்பி அந்தப் பள்ளத்தில் இறங்கியது, ஓரளவு மூடியும் போயிற்று. அத்தோடு நிற்கவில்லை. மேல்நோக்கி ஊர்ந்துவந்த படியின் ஏறுமுகம் கம்பியை முழுக்கப் புதைத்தது. தொடர்ந்து வந்த இறங்குமுகம் அதைத் திரும்பவும் வெளிப்படுத்தி, சில இடங்களில் தரையில் படாமல் தொங்கவும் விட்டது. புதைந்திருக்கும்போது கம்பிமேல் ஓட்டத்தின் விசை இல்லை. தொங்கும்போது முழு விசையும் விழுகிறது. கடலளவில் இதைக் கணக்கிட்டால், 2 செ.மீ. தடிமனுள்ள கேபிளின்மேல் வினாடிக்கு 5 மீட்டர் ஓட்டம் மீட்டருக்கு ஏறத்தாழ 315 நியூட்டன், அதாவது மீட்டருக்கு 32 கிலோ எடை தொங்கவிட்டதற்குச் சமமான விசையைச் செலுத்தும். நூறு மீட்டர் அகலக் கால்வாயைக் கடக்கும் கேபிளுக்கு மொத்தம் மூன்று டன்னைத் தாண்டும். இழுபட்டு வளைந்த கேபிளில் உருவாகும் இழுவிசை அதனினும் பெரியது. எனவே கேபிள் வழித்தடத்தை வரையும்போது ஓட்டத்தின் வேகத்தை மட்டும் கேட்பது போதாது. அந்தத் தரையில் மேடுகள் ஊர்கின்றனவா, ஊர்ந்தால் எவ்வளவு ஆழத்துக்கு அரிக்கின்றன என்றும் கேட்க வேண்டும். இந்த ஒரு முடிவில் எனக்கு உறுதி உண்டு, சிறுதொட்டியின் எல்லைகளையெல்லாம் கணக்கில் கொண்ட பிறகும்.

கழிவுகளைப் பற்றிச் சில வரிகள். சாந்துக் கழிவைச் சிங்க்கில் ஊற்றினால் குழாய்க்குள்ளேயே இறுகிவிடும். வாளியில் படியவிட்டுக் கட்டியாக எடுத்து வெளியேற்றுங்கள். கார்பைடு பொடியைக் கழுவி உலர்த்தினால் திரும்பத் திரும்பப் பயன்படும். பிளாஸ்டிக் துகள் ஒன்றுகூடச் சாக்கடைக்குப் போகாதபடி, வடிகுழாயின் வாயில் 50 மைக்ரான் நைலான் வலைப்பை கட்டியிருக்கிறோம். நுண்பிளாஸ்டிக்கை ஆழ்கடல் படிவில் கொண்டுபோய்ப் புதைப்பதில் இதே ஓட்டங்களுக்குப் பங்குண்டு என்பதை 2020-இல் வெளியான, ஃப்ளூம் என்னும் ஓட்டத்தொட்டியில் செய்த சோதனைகள் காட்டின. படிந்துகொண்டிருக்கும் மணல் துகள்களுக்கிடையில் செயற்கை இழைகள் சிக்கிக் கீழே இழுக்கப்படுகின்றன. எங்கள் அடுத்த தொகுதி அதுதான்: கார்பைடு ஓட்டத்தில் வெட்டிய பாலியெஸ்டர் நூலிழைகளைக் கலந்து, ஸ்லைடுக்கு ஸ்லைடு எத்தனை இழை சிக்குகிறது என்று மைக்ரோஸ்கோப்பில் எண்ணப்போகிறோம். ஸ்லைடுகளைப் பதிக்கும் பள்ளங்களைப் பொய்த்தரையில் இப்போது நெருக்கமாக, 10 செ.மீ.க்கு ஒன்றாக, வெட்டிக்கொண்டிருக்கிறோம்.